தில்லிப் பதிப்பின் செய்தி மேசையில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தில்லிப் பதிப்பில் செய்தி எழுதுபவர்கள், திருத்துபவர்கள், எந்தச் செய்தி எந்தப் பக்கம் என்று முடிவு செய்பவர்கள் எல்லாரும் சேர்ந்து எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை இதே ஆசிரியர் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். நாங்கள் செய்தி மேசையில் வேலை பார்த்தவர்கள், இதழியல் சொல்லிக் கொடுப்பவர்கள், இந்த நாளிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்கள். கணக்கை எப்படி எடுப்பது, எடுத்த பின் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதியிருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது. இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறோம்.

இந்தக் கேள்வி தில்லியில் பிறந்ததுதான். 1996-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் தில்லி நிருபராக இருந்தவர் கென்னத் கூப்பர். அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரின் கருத்து வேண்டும் என்று மூத்த பத்திரிகையாளர் பி.என்.உனியாலிடம் கேட்டார். இத்தனை ஆண்டு பத்திரிகை வாழ்க்கையில் அப்படி ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அங்கீகரித்த பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தார். மொத்தம் 686 பேர். 454 பேருக்குப் பெயரோடு சாதிப் பெயரும் இருந்தது. அவற்றில் ஒன்றுகூடத் தலித் சாதியைக் குறிப்பதாக இல்லை. மீதி 232 பேரில் 47 பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அவர்களிலும் ஒருவர் இல்லை. இதை 1996 நவம்பர் 16 அன்று பயனியர் நாளிதழில் எழுதினார். தன் நாட்டுச் செய்தி அறைகளில் தன் இனத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பழகிய ஒருவர் கேட்டதால்தான் அந்தக் கேள்வியே வந்தது. அதுவரை தில்லியில் வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உனியால் செய்தது போல நம் தமிழ் நாளிதழ்களில் எண்ண முடியாது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடுவதென்று தீர்மானம் போட்ட மரபு நம்முடையது. பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் எழுதுகிறோம். அதில் நமக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமை நியாயமானதும்கூட. ஆனால் பெயரில் சாதி இல்லாததாலேயே செய்தி அறையிலும் சாதி இல்லை என்று நாமே நம்பிவிட்டோம். வேலைக்கு ஆள் எடுக்கும் அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே சாதியை யாரும் சாதி என்று கேட்பதில்லை. 'சொந்த ஊர் எது?' என்று தொடங்கும். ஊரைச் சொன்னால், 'ஊர்லயா, ஊருக்கு வெளியிலயா, எந்தத் தெரு?' 'அப்பா என்ன பண்றார்?' 'குலதெய்வம் எங்கே?' மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். வந்த பிள்ளைக்கும் அது புரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பேசும் குரலே மாறிவிடும். எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அதன்பின் பெரிய வேலை இருப்பதில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதைப் பார்ப்போம். 2006-இல் யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூவரும் தில்லியிலிருந்து இயங்கும் 37 இந்தி, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அந்த இடங்களில் 71 சதவீதம் இந்து மேல்சாதி ஆண்கள். நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 8 சதவீதம். தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியா தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்டரி செய்தித் தளமும் எண்ணியபோது 121 தலைமைப் பொறுப்புகளில் 106 மேல்சாதியினரிடம் இருந்தன; பட்டியல் சாதி, பழங்குடியினர் அப்போதும் யாரும் இல்லை. இவை ஆங்கிலமும் இந்தியும் பற்றிய கணக்குகள். தில்லியில் அச்சாகும் தமிழ்ப் பக்கங்களை யாராவது எண்ணி வெளியிட்டதாக நாங்கள் பார்த்ததில்லை.

படித்தவர்கள் கிடைக்கவில்லை என்ற பதில் இனி செல்லாது. இங்கேயே இருக்கும் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் மத்திய அரசின் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுகிறது. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27. ஆண்டுதோறும் பட்டயம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். வந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

அமெரிக்கா இந்த வேலையில் எங்கே சறுக்கியது என்று பார்த்துக்கொண்டால் நமக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகும். 1967 கோடையில் அங்கே நகரம் நகரமாகக் கலவரம் வெடித்தபோது ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், அடுத்த ஆண்டு கொடுத்த அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. ஆசிரியர் குழு வேலைகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, பொறுப்பாசிரியர் நிலையில் 1 சதவீதத்துக்கும் குறைவு, அந்தக் கொஞ்சப் பேரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே நடத்தும் பத்திரிகைகளில் இருப்பவர்கள் என்று அது எழுதியது. பத்து ஆண்டு கழித்து, 1978-இல், நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் ஓர் இலக்கு வைத்தது. 2000-க்குள் செய்தி அறைகளில் சிறுபான்மை இனத்தவரின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்குக்குச் சமமாக வேண்டும், ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும் என்றது. அன்று இருந்தது ஏறக்குறைய 4 சதவீதம். 2000 நெருங்கியபோது அது 12-ஐக்கூடத் தாண்டவில்லை. இலக்கு எட்டாது என்று தெரிந்ததும் 1998-இலேயே ஆண்டை 2025-க்குத் தள்ளி வைத்தார்கள். 2025-உம் போய்விட்டது. பியூ ஆய்வு மையம் 2022-இல் எடுத்த கணக்கில் செய்தி சேகரிப்பவர்களில் கறுப்பினத்தவர் 6 சதவீதம். அந்நாட்டு உழைப்பாளர்களில் அவர்கள் 11 சதவீதம்.

ஏன் எட்டவில்லை? கணக்குக் கொடுப்பது பத்திரிகைகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மோசமான கணக்கு வைத்திருந்தவர்கள் பதிலே அனுப்பவில்லை. 2018 கணக்கெடுப்பில் பதில் வந்தது கேட்கப்பட்ட செய்தி அறைகளில் வெறும் 17 சதவீதத்திடமிருந்து. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வேலைக்கு எடுத்தார்கள், வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டு நிருபராக ஓடியவருக்குப் பொறுப்பாசிரியர் நாற்காலி கிடைக்காது என்று தெரிந்ததும் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார். ஆள்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போகிறார். கடைசியில் சேர்ந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பலன் கொடுத்தவற்றைப் பார்த்தால் அவை கறுப்பினப் பத்திரிகையாளர்கள் தாங்களே எழுப்பியவை. 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடிக் கறுப்பினப் பத்திரிகையாளர்களின் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேலைவாய்ப்புச் சந்தை, மூத்தவர் இளையவருக்குத் துணை நிற்பது, படிப்புதவி எல்லாம் அதன் வழியாக நடக்கிறது. 1977-இல் ராபர்ட் மேனார்டும் நண்பர்களும் தொடங்கிய பயிற்சி நிறுவனம் நிருபர் பயிற்சியோடு நிற்காமல் துணை ஆசிரியர் பயிற்சியும் நிர்வாகப் பயிற்சியும் கொடுத்தது. நாற்காலியில் உட்கார வைக்காமல் மாற்றம் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேனார்டே 1983-இல் ஓக்லண்ட் ட்ரிப்யூன் நாளிதழை விலைக்கு வாங்கினார். அமெரிக்கப் பெருநகர நாளிதழ் ஒன்றுக்கு உரிமையாளரான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஒரு செய்தியை எழுதுமுன் இனம், வர்க்கம், பாலினம், தலைமுறை, நிலப்பகுதி என்ற ஐந்து பிளவுக் கோடுகளில் யார் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னவரும் அவரே. நம் ஊரில் அந்த வரிசையில் சாதியை முதலில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

இந்த வித்தியாசம் அச்சில் எப்படித் தெரியும் என்று ஒரு செய்தியைப் பிரித்துக் காட்டுகிறோம். தில்லியில் திரும்பத் திரும்ப வரும் செய்தி, ஒற்றைப் பத்தி, ஆறு வரி: 'கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்த 2 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிப் பலியானார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள்.' போலீஸ் குறிப்பிலிருந்து நேராக வந்த வரிகள். இதில் கொன்றது வாயு. ஆள் யாரும் இல்லை.

முதலில், ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருகிறது? அடியில் உறைந்த சேற்றைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமாக மேலே வருகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கின் உணர்வே மரத்துப்போகும், ஆபத்து நின்றுவிட்டது போலத் தோன்றும். உள்ளே போனவர் விழுகிறார். மேலே நின்றவர் அண்ணனையோ தம்பியையோ தூக்க இறங்குகிறார். அவரும் விழுகிறார். இதைத் தெரிந்தவர், 'மேலே கயிறும் காற்றுக்கருவியும் வைத்துக்கொண்டு யார் நின்றார்கள்?' என்று கேட்பார். யாரும் நிற்கவில்லை என்பதுதான் செய்தி.

அடுத்து, அது பொதுச் சாக்கடையா, தனியார் கட்டடத்தின் தொட்டியா? பொதுச் சாக்கடை என்றால் குடிநீர், கழிவுநீர் வாரியமான தில்லி ஜல் போர்டு, அதன் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர். தனியார் தொட்டி என்றால் கூப்பிட்ட கட்டட உரிமையாளர். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அதாவது அலட்சியத்தால் மரணம் என்று மட்டும் போட்டிருந்தால் பாதி வழக்கு அங்கேயே போய்விட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்குவதைத் தடை செய்கிறது; 9-ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவையும் பார்க்க வேண்டும். இழப்பீடு எவ்வளவு? 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது; 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இந்தத் தொகையை யாராவது சொன்னார்களா? இதையெல்லாம் முதல் நாளே கேட்டால்தான் உண்டு. தகனம் முடிந்து குடும்பம் ஊருக்குப் போய்விட்டால் ஒப்பந்ததாரர் கையில் கொடுத்த ஐம்பதாயிரத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தலித்தாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஆறு வரி ஆறு வரியாகவே இருக்கிறது. அப்படி இறந்தவரின் தெருவில் வளர்ந்த ஒருவர் மேசையில் இருந்தால், 'இவ்வளவுதானா செய்தி?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி எழாததால் வாசகர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

மதராசி கேம்ப் விஷயமும் அப்படித்தான். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் பல தலைமுறையாக இருந்த தமிழர் குடியிருப்பை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். முதல் கணக்கில் 189 குடும்பங்களுக்குத்தான் தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எல்லாமே எழுதின. 'தில்லியில் தமிழர்கள் வீடு இடிப்பு' என்று தமிழர் என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பெரும்பகுதி வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தினக்கூலிகள், பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்பது வரவில்லை. 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்குச் சான்று இல்லாதவர்களுக்குத் தில்லி மறுவாழ்வுக் கொள்கையில் இடம் இல்லை. வாடகைக்கு இருந்தவர், கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போன மகன், பெயர் எழுத்துப்பிழையோடு அச்சான அட்டை வைத்திருந்தவர் எல்லாரும் எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்பதைச் சொன்ன செய்திகள் குறைவு. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குக் காலை ஆறு மணி வேலைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதை அந்த வீடுகளில் பிறந்த ஒரு நிருபர் முதல் பத்தியில் எழுதியிருப்பார்.

இனி, கணக்கெடுக்கும் முறை. இரண்டு கணக்கு வேண்டும். முதலாவது ஊழியர் கணக்கு. ஒரு சீட்டு, ஐந்து கேள்வி, பெயர் எழுத வேண்டாம், 'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியை நிர்வாகப் பிரிவு திறக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் திறந்து எண்ணட்டும். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் தனியாக அச்சிடக் கூடாது, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தில்லிப் பதிப்பு சிறியது என்பதால் இந்தச் சிக்கல் நிச்சயம் வரும். அப்போது எல்லாப் பதிப்புகளையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடலாம். பொறுப்பாசிரியர்கள் மற்றவர்களைப் பார்த்து ஊகித்து நிரப்புவது கூடவே கூடாது. இன்னொரு தவறு அடிக்கடி நடப்பது: அச்சகத் தொழிலாளர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் எல்லாரையும் சேர்த்து எண்ணிவிடுவது. அப்படி எண்ணினால் எந்த நிறுவனமும் நன்றாகவே தெரியும். நிருபர், உதவி ஆசிரியர், முடிவெடுப்பவர் என்று மூன்று வரியாகப் பிரித்துப் போட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, பக்கங்களின் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து இரண்டு வாரம், உள்ளூர்ச் செய்திப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு பேசியிருக்கும் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு வரி. அதிகாரியா, போலீசா, கட்சிக்காரரா, நிபுணரா, பாதிக்கப்பட்டவரா? ஆணா, பெண்ணா? எந்தப் பகுதி? நேரில் போய்ப் பேசியதா, தொலைபேசியா, அறிக்கையிலிருந்து எடுத்ததா? ஒருவருக்கு நாளுக்கு முக்கால் மணி நேர வேலை. இங்கே சாதியைப் பெயர் பார்த்தோ முகம் பார்த்தோ எழுதக் கூடாது. அடிக்கடி கருத்துக் கேட்கப்படும் நிபுணர்களிடம் மட்டும் ஒரு படிவம் அனுப்பி, விரும்பினால் நிரப்பச் சொல்லலாம். சாதி இல்லாமலே இந்த நோட்டு நிறையச் சொல்லும். 'அறிக்கையிலிருந்து' என்ற கட்டம் எவ்வளவு நிறைகிறது, 'நேரில்' என்ற கட்டம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே பத்திரிகை எந்தத் தெருக்களுக்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

ஆள் எடுக்கும் வழியை மாற்றாமல் கணக்கு மாறாது. தமிழ் நாளிதழ்களில் வேலை காலி என்பது பெரும்பாலும் அச்சாவதே இல்லை. உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்கிறார், அவர் வந்து சேர்கிறார். தெரிந்தவர் என்றால் யாருக்குத் தெரிந்தவர் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு காலியிடத்தையும் இதே நாளிதழில் மூன்று நாள் அச்சிடுங்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளின் பழைய மாணவர்களுக்கும் தில்லிப் பல்கலைக்கழகம், ஜே.என்.யூ. தமிழ்ப் பிரிவுகளுக்கும் அனுப்புங்கள். தேர்வில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பு மட்டும் வைப்பதை விடுங்கள். அது ஆங்கில வழியில் படித்த வீட்டுப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும், நல்ல நிருபரைத் தேர்ந்தெடுக்காது. காலை ஒன்பது மணிக்கு ஒரு முகவரி கொடுத்து அனுப்பி, மாலை ஐந்து மணிக்கு 300 சொல்லில் செய்தி வாங்கிப் பாருங்கள். பெயரை மறைத்துத் திருத்துங்கள். வட்டார வழக்கு எட்டிப் பார்த்தால் 'தமிழ் சரியில்லை' என்று ஒதுக்காதீர்கள். அதைத் திருத்த ஆறு மாதம் போதும், தெருவில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியாதவருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது கடினம். நேர்காணலில் ஊர், தெரு, அப்பா தொழில், குலதெய்வம் கேட்பதை எழுத்து மூலம் தடை செய்யுங்கள்.

சம்பளம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். 2025 ஏப்ரலில் தில்லி அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் பட்டதாரிக்கு மாதம் ரூ.24,356. பயிற்சி நிருபருக்கு உதவித்தொகை என்ற பெயரில் அதில் பாதியைக் கொடுத்தால், வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைதான் தாக்குப்பிடிக்கும். முனிர்காவிலோ லட்சுமி நகரிலோ ஓர் அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, பஸ் அட்டை, ஒரு பழைய மடிக்கணினி, இவை எல்லாம் முதல் சம்பளம் வருமுன் வேண்டும். எனவே சேரும் நாளிலேயே ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்து, பத்துத் தவணையில் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல பிள்ளைகள் மூன்றாவது மாதம் காணாமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நினைப்பவர்கள், அந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்தது என்று விசாரித்ததில்லை.

பகுதி நேர நிருபர் நிலைமை இதைவிட மோசம். செய்திக்கு இவ்வளவு என்று கொடுத்து, விளம்பரம் பிடித்தால் கமிஷன் என்று சொல்லிவிட்டால், அவர் யாரைப் பற்றி எழுத மாட்டார் என்பதும் முடிவாகிவிடுகிறது. பொங்கல் மலருக்கு விளம்பரம் கொடுத்த ஒப்பந்ததாரரின் சாக்கடையில் ஆள் இறந்தால் எப்படி எழுதுவார்? நியமனக் கடிதம் இல்லாததால் அவருக்கு அரசு அங்கீகார அட்டையும் எட்டாக்கனி. மத்திய அரசின் 2022 விதிகளின்படி முழுநேரப் பத்திரிகையாளருக்கு 5 ஆண்டு அனுபவம், சுதந்திரப் பத்திரிகையாளருக்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும். அட்டை இல்லாதவர் அமைச்சகக் கட்டட வாசலோடு நிற்கிறார். விளம்பர வேலையைச் செய்தி வேலையிலிருந்து பிரித்து, எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதுதான் இதில் முதல் படி.

சேர்ந்தவரை எங்கே வைப்பது? தலித் நிருபர் என்றால் வன்கொடுமைச் செய்தி, முஸ்லிம் நிருபர் என்றால் ரம்ஜான் கஞ்சி, பெண் என்றால் சமையலும் கோலமும் என்று ஒதுக்கினால் ஐந்து ஆண்டில் அவர்களுக்குப் பதவி உயர்வுக்கான தகுதியே வராது. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், பட்ஜெட், மாநகராட்சி ஆகிய நான்கில் ஒன்றை முதல் ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவரை எடுப்பதும் தவறு. தனியாக இருப்பவர் சாதிப் பேச்சைக் கேட்டும் கேட்காதது போல உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். ஒரு தொகுதியில் இரண்டு பேராவது சேர வேண்டும். மூன்றாம் ஆண்டு மேசைப் பயிற்சி, ஐந்தாம் ஆண்டு இரவுப் பதிப்பின் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் கறுப்பினத்தவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவதென்று தன் மொழிநடைக் கையேட்டை மாற்றியது. நம் எழுத்தில் பெரிய எழுத்து கிடையாது, ஆனால் மாற்ற வேண்டிய சொற்கள் உண்டு. 'கௌரவக் கொலை' என்பதில் என்ன கௌரவம்? ஆணவக் கொலை என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது, எல்லாப் பக்கத்திலும் அதையே போடுங்கள். ஒரு தரப்பு வீடு புகுந்து அடித்ததை 'இரு பிரிவினர் மோதல்' என்று எழுதாதீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பத்திரிகைப் பக்கங்களும் நீக்க வேண்டும். 'நீக்ரோ' என்ற சொல்லை இன்னும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தில்லியில் வாழும் ஆப்பிரிக்க மாணவர்கள், வணிகர்கள் யாராக இருந்தாலும் 'நைஜீரியர்' என்று போடும் பழக்கமும் இருக்கிறது. 2014 ஜனவரியில் கிர்க்கி எக்ஸ்டென்ஷனில் ஆப்பிரிக்கப் பெண்கள் நள்ளிரவில் நடத்தப்பட்ட விதமும், 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதும் இதே தலைநகர் வட்டாரத்தில் நடந்தவை. அவர்களில் ஒருவர் வாயிலிருந்து ஒரு வரி நம் தமிழ்ப் பக்கத்தில் வந்ததா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

'தனியாகப் பத்திரிகை நடத்திக்கொள்ளட்டுமே' என்று சிலர் சொல்வதுண்டு. நடத்தினார்கள். அமெரிக்காவில் 1827-இலேயே கறுப்பினத்தவர் தங்கள் வழக்கைத் தாங்களே பேச ஃப்ரீடம்ஸ் ஜர்னல் தொடங்கினார்கள். மெம்பிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கொலைகளை எழுதியதற்காக ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகத்தை 1892-இல் அடித்து நொறுக்கினார்கள். புலிட்சர் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது 2020-இல், அவர் இறந்து 89 ஆண்டு கழித்து. தமிழில் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும் அயோத்திதாச பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். அம்பேத்கரின் மராத்தி இதழ் 'மூக்நாயக்' 1920 ஜனவரி 31-இல் வந்தது. அதற்குக் கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்த 2,500 ரூபாய் இருந்தது, தொடர்ந்து நடத்தப் பணம் இல்லாமல் நின்றது. இன்றும் புந்தேல்கண்டில் 2002-இல் தொடங்கிய, பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்தும் கபர் லஹரியா செய்தி நிறுவனம் போல நடத்துபவர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஆதரவு வேண்டும், வாசகர்களாகிய நாங்கள் சந்தா கட்டுகிறோம். ஆனால் எல்லாரும் வாங்கும் நாளிதழில் இடம் கேட்பது வேறு உரிமை. அரசு விளம்பரமாக இந்த நாளிதழுக்கு வரும் பணத்தில் நரேலாவுக்குப் போன குடும்பங்களின் வரிப்பணமும் இருக்கிறது.

முதல் கணக்கை வரும் நவம்பர் 16-ஆம் தேதி, உனியால் தன் கணக்கை அச்சிட்ட அதே தேதியில், வெளியிடுங்கள். தலையங்கத்துக்குக் கீழே ஒரு சிறு கட்டம், மூன்று வரி, ஐந்து எண்கள் போதும். எண்கள் மோசமாக இருந்தாலும் அச்சிடுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அடுத்த எண்களைத் தேடிப் பார்ப்போம். கணக்கெடுக்க நோட்டும் ஆளும் தேவைப்பட்டால், இரண்டு வாரம் மாலையில் வந்து உட்கார்ந்து எண்ணித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தில்லி வாழ் தமிழ் வாசகர்கள் சிலர்,
ஆர்.கே.புரம், மயூர் விஹார், புது தில்லி.